கொல்லிமலைக் கொட்டகையில் ‘டிக்... டிக்...’

காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதும் பேருந்து முதல் வளைவில் திரும்புகிறது. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஏற, நாமக்கல் சமவெளியின் வெக்கை குறைந்து, காதில் குளிர்காற்று படத் தொடங்குகிறது. வளைவுகள் முடிந்ததும் சோளக்காடு, செம்மேடு என்று ஊர்கள் வருகின்றன. சாலையின் இருபுறமும் சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக் கொடிகள், நிழலில் காபிச் செடிகள், வேலியோரம் பலா. சரிவுகளில் மரவள்ளியும் சாமையும். கிழக்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கும் இந்த மலையில், மாசி மாதத்திலும் விடியற்காலையில் புல் நுனியெல்லாம் பனி சொட்டுகிறது.

மலை ஊர்களுக்கு மின்கம்பம் உண்டு. ஆனால், காவலுக்காகக் காட்டிலேயே கொட்டகை போட்டுத் தங்கும் விவசாயிகளுக்குக் கம்பம் எட்டுவதில்லை. தார்ச்சாலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் அரை மணி நேரம் நடந்தால் வரும் அந்த மூன்று ஏக்கர் காடும் அப்படித்தான். ஒரு ஏக்கரில் மரவள்ளி, அரை ஏக்கரில் சாமை, மீதியில் மிளகும் காபியும். நடுவில் தகரக்கூரை போட்ட மண்சுவர்க் கொட்டகை. அறுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும் வருடத்தில் பாதி நாள் இங்கேதான். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மகளை ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு இது எட்டாவது மாதம்.

கூரைமேல் 150 வாட் சோலார் பேனல் இரண்டு. உள்ளே சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன இன்வெர்ட்டர். மூன்று எல்.இ.டி பல்பு, ஒரு மின்விசிறி, போன் சார்ஜர் எல்லாம் இன்வெர்ட்டரில் ஓடுகின்றன. காட்டுப்பன்றிக்குப் போட்ட சோலார் வேலியின் எனர்ஜைசர் பெட்டி மட்டும் நேராகப் பேட்டரியில் இருக்கிறது. சோலார் வந்த பிறகு மண்ணெண்ணெய் விளக்கு போனது. கூடவே புதிதாக ஒரு தொல்லை வந்தது. போனில் இரைச்சல்.

வியாழனா, வெள்ளியா?

பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால், மகன் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர் பெட்டியும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். போனின் இயர்போன் துளையிலிருந்து ஒரு வயர் பெட்டிக்குப் போகும். போன் வந்தால் கொட்டகை முழுக்கக் குரல் கேட்கும். ஆறு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ‘குர்ர்ர்’ என்று ஒரு உறுமல். அதற்கு நடுவே ‘டிக்... டிக்...’ என்று அடி.

போன மாதம் மிளகு வியாபாரி போனில் ஒரு கிழமை சொன்னார். பெரியவர் காதில் ‘வியாழன்’ என்று விழுந்தது. ஆள் பிடித்து, மூட்டைகளைத் தலைச்சுமையாகத் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்து, சாயங்காலம் வரை காத்திருந்தார்கள். வண்டி வரவில்லை. வியாபாரி சொன்னது வெள்ளி. ஆள் கூலி இரண்டு முறை போனது.

“மிளகு போனாப் போகுதுங்க. நாளைக்குப் புள்ளைக்கு வலி எடுத்து, மாப்பிள்ளை ராத்திரியில போன் பண்ணினா, அதையும் இந்த உறுமல்ல தப்பாக் கேட்டா என்ன பண்றது?” என்கிறார் அந்த அம்மா.

பக்கத்துக் காட்டுக்காரர், ‘சிக்னல் கம்மி, பூஸ்டர் வாங்கி மாட்டுங்க’ என்று சொல்லியிருக்கிறார். இன்னொருவர், ‘போனை மாத்துங்க’ என்றார். இரண்டுக்கும் காசு வேண்டும். வாங்குவதற்கு முன், செம்மேட்டில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் உறவுக்கார இளைஞரைக் கூப்பிட்டார்கள். ஐ.டி.ஐ-யில் எலெக்ட்ரீஷியன் படித்தவர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தோளில் பையும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவுமாக வந்து சேர்ந்தார்.

“எப்பவும்னு எதுவும் இல்ல மாமா!”

வந்தவர் எந்த வயரையும் தொடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கேள்விதான் கேட்டார்.

“மாமா, சத்தம் எப்ப வருது?”

“எப்பவும்தான் வருது மாப்பிள்ளை.”

“எப்பவும்னு எதுவும் இல்ல மாமா. பகல்லயா, ராத்திரியிலயா? சார்ஜ் போட்டிருக்கும்போதா, சும்மா இருக்கும்போதா?”

பெரியவர் யோசித்தார். பதில் சொன்னது அந்த அம்மா. “உறுமல், சார்ஜ் போட்டுக்கிட்டே பேசும்போது வரும். அந்த டிக் டிக் பகல்ல இல்ல. பொழுது சாஞ்ச பிறகுதான். அதுலயும் விடியக்காலம் பனி கொட்டும்போது ஜாஸ்தி.”

பாதிக் கோளாறு அந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிட்டது. சத்தம் ஒன்றல்ல, இரண்டு. இரண்டுக்கும் நேரம் வேறு. அப்படியானால் காரணமும் வேறாகத்தான் இருக்கும்.

அடுத்து, திருப்பூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டார். “மச்சான், உனக்கு எப்படிக் கேக்குது?”

“எனக்குச் சுத்தமாக் கேக்குது. அப்பாதான் கேக்கலைங்கறார்.”

இதுவும் முக்கியமான துப்பு. இன்றைய செல்போன் குரலை எண்களாக மாற்றி அனுப்புகிறது. சிக்னல் குறைந்தால் சொல் விட்டுவிட்டு வரும், பாதியில் அறுந்துபோகும், அல்லது போனே கட்டாகும். விடாத உறுமல் சிக்னல் குறைவால் வருவதில்லை. எதிர்முனையில் சுத்தமாகக் கேட்கிறது என்றால், கோளாறு கோபுரத்திலும் இல்லை, போனின் மைக்கிலும் இல்லை. கொட்டகைக்கு உள்ளேயே, போனுக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பூஸ்டர் வாங்கியிருந்தால் காசுதான் வீண். அதுவும் அனுமதி இல்லாமல் பூஸ்டர் மாட்டுவது சட்டப்படி குற்றம். சுற்றுவட்டாரத்தில் மற்றவர்களின் சிக்னலையும் அது கெடுக்கும்.

உறுமலுக்குக் காரணம் இரண்டு மடை

பேசிக்கொண்டிருக்கும்போதே சார்ஜர் வயரைப் போனிலிருந்து உருவினார். உறுமல் சட்டென்று நின்றது. திரும்பச் சொருகினார். வந்தது. அடுத்து, சார்ஜரைப் போனிலேயே விட்டுவிட்டு ஸ்பீக்கர் வயரை மட்டும் உருவி, போனைக் காதில் வைத்துக் கேட்டார். சத்தம் இல்லை. இரண்டு வயரும் சேர்ந்து இருந்தால்தான் உறுமல்.

விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் மின்வாரிய மின்சாரம்போல வழவழப்பான அலையைத் தருவதில்லை. படிக்கட்டுபோலச் சதுரமாக ஏறி இறங்கும் அலையைத்தான் தருகின்றன. பல்புக்கு அது போதும். ஆனால், அந்தச் சதுர முனைகளில் நிறைய இரைச்சல் ஒட்டிக்கொண்டு வரும். மலிவான சார்ஜர் அதை முழுக்க வடிகட்டாமல் போனுக்குள் கொஞ்சம் கசியவிடும்.

போன் தனியாக இருந்தால் அந்தக் கசிவு போக வழியில்லை. இங்கே ஸ்பீக்கர் வயர் இன்னொரு வழியைத் திறந்துவிட்டது. ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் நேராகப் பேட்டரியிலிருந்து, போனுக்கு இன்வெர்ட்டர் வழியாக. இரண்டையும் ஸ்பீக்கர் வயர் இணைக்கிறது. வயலில் ஒரே வாய்க்காலுக்கு இரண்டு மடை திறந்தால், கசிவு நீர் சுற்றிக்கொண்டு ஓடுவதுபோல, இரைச்சல் மின்சாரம் அந்த வளையத்தில் சுற்றுகிறது. ஆம்ப்ளிஃபையர் அதைப் பெரிதாக்கி உறுமலாகக் கொடுக்கிறது.

இதே கசிவுதான், சில போன்களைச் சார்ஜில் போட்டிருக்கும்போது தொடுதிரை தானாகவே எண்களை அழுத்துவதற்கும் காரணம். போன் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றுகிறவர்கள் உண்டு. சார்ஜரை உருவியதும் திரை சரியாகிவிட்டால், மாற்ற வேண்டியது போனை அல்ல, சார்ஜரை.

தீர்வுக்குச் செலவே இல்லை. பேசும்போது சார்ஜரை உருவிவிட வேண்டும். சார்ஜ் போட்டுக்கொண்டேதான் பேச வேண்டும் என்றால், ஸ்பீக்கர் வயருக்கு நடுவே ‘கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்’ என்ற சின்னக் குப்பியை மாட்டலாம். கார் ஆடியோ கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உள்ளே இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் குரலை மட்டும் தாண்டவிட்டு, வளையத்தை அறுத்துவிடும். வயரே இல்லாத புளூடூத் ஸ்பீக்கரிலும் இந்த வளையம் இல்லை.

நிமிடத்துக்கு அறுபது அடி

சார்ஜரை உருவி, இன்வெர்ட்டரையும் அணைத்தாயிற்று. கொட்டகை இருட்டானது. ஆனாலும் ஸ்பீக்கரில் ‘டிக்... டிக்...’ நிற்கவில்லை.

இளைஞர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நிமிடத்துக்கு ஏறத்தாழ அறுபது. சுவரில் இருந்த எனர்ஜைசர் பெட்டியின் சிவப்பு விளக்கும் அதே தாளத்தில் கண் சிமிட்டியது. அதை அணைத்ததும் ஸ்பீக்கர் ஊமையானது. சாயங்காலம் ஆறு மணிக்கு வேலியைப் போட்டு, காலை எட்டு மணிக்கு நிறுத்துவது அவர்கள் வழக்கம். பகலில் டிக் டிக் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

சோலார் வேலி எப்போதும் மின்சாரம் பாயும் வேலி அல்ல. எனர்ஜைசர் ஏறத்தாழ ஒரு நொடிக்கு ஒரு முறை, கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, ஒரு அடி மட்டும் அடித்துவிட்டு ஓய்கிறது. விலங்குக்கு வலிக்கும், உயிர் போகாது. அந்த ஒவ்வொரு அடியும் ஏன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டும்?

டார்ச் வெளிச்சத்தில் வயர்களைப் பின்தொடர்ந்தார். இரண்டு தவறுகள் தெரிந்தன. ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் பேட்டரி முனையிலிருந்து வரவில்லை. எனர்ஜைசருக்குப் போகும் மெல்லிய வயரிலிருந்தே கிளை எடுத்திருந்தார்கள். எனர்ஜைசர் ஒவ்வொரு முறை மின்சாரத்தை இழுக்கும்போதும் அந்த வயரில் அழுத்தம் தாழ்ந்து ஏறும். அது ஒரு டிக். இரண்டாவது, கொட்டகை மூலையில் அடித்திருந்த ஒரே இரும்புக் கம்பிதான் வேலிக்கும் எர்த், வீட்டுச் சோலாருக்கும் எர்த்.

வேலிக் கம்பியில் போன அடி, தரை வழியாகத் திரும்பி எர்த் கம்பிக்குத்தான் வந்தாக வேண்டும். இரண்டுக்கும் கம்பி ஒன்றே என்றால், அடி கொட்டகைக்குள்ளும் எட்டிப்பார்க்கும். வேலியில் கசிவு எவ்வளவு அதிகமோ, திரும்பி வருவதும் அவ்வளவு அதிகம்.

“அத்தை சொன்னாங்களே, பனி கொட்டினா ஜாஸ்தின்னு. ஈரத்துல வேலி எங்கயோ கசியுது மாமா. போன் கெட்டுப்போகல. வேலிதான் போன்ல பேசுது” என்றார்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார், “கீழ்க்கோடியில பத்து நாளா பன்னி வந்து கிழங்கைத் தோண்டுது. வேலி இருந்தும் எப்படி வருதுன்னுதான் தெரியல.”

ரேடியோவுடன் ஒரு வேலிச் சுற்று

விடியற்காலை ஐந்தரை. மலை முழுக்கப் பனி. வேலியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. இளைஞர் டிரான்சிஸ்டர் ரேடியோவை மீடியம் வேவில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார். கம்பியிலிருந்து எட்டவே நின்று, வேலியோரமாக நடக்கத் தொடங்கினார். பின்னால் பெரியவர், கையில் கொடுவாளுடன்.

மின்பொறி தெறிக்கும் இடத்திலிருந்து ரேடியோ அலையும் தெறிக்கும். மீடியம் வேவ் ரேடியோ அதை ‘டிக்’ என்று பிடித்துக் கொடுக்கும். கசிவுக்கு அருகில் போகப் போகச் சத்தம் உரக்கும். பண்பலையில் இது அவ்வளவாகக் கேட்காது. பெட்டியில் கிடக்கும் பழைய ரேடியோவுக்குத்தான் இந்த வேலை.

மேல்பக்கம் முழுக்க மெல்லிய சத்தம்தான். பலா மரத்தைத் தாண்டிக் கீழ்க்கோடிக்கு இறங்கும்போது ரேடியோ அதிர ஆரம்பித்தது. ஓரிடத்தில் சாட்டையால் அடிப்பதுபோல ‘டப்... டப்...’ என்று கேட்டது. அங்கே உண்ணிச்செடிப் புதர் வளர்ந்து, கீழ்க் கம்பியை மூடியிருந்தது. அதன்மேல் முறிந்த சில்வர் ஓக் கிளை ஒன்று விழுந்து, கம்பியைக் கல்தூணோடு அழுத்திக்கொண்டிருந்தது. அரையிருட்டில், கம்பி கல்லைத் தொடும் இடத்தில் நீலமாக ஒரு பொறி மின்னி மின்னி அணைந்தது. பத்தடி தள்ளி, உள்ளே, பன்றி கிளறிய மண் ஈரமாகக் கிடந்தது. மரவள்ளிச் செடிகள் வேரோடு சாய்ந்திருந்தன. பெரியவர் எண்ணினார். இருபத்து மூன்று செடிகள்.

அடி முழுவதும் அந்த இடத்திலேயே தரைக்குப் போய்விட்டதால், அதற்கு அப்பால் வேலியில் வலு இல்லை. பன்றி அதைத் தெரிந்துகொண்டது.

அந்த அம்மாவுக்குக் குரல் கொடுத்து எனர்ஜைசரை அணைக்கச் சொன்னார்கள். அணைத்துவிட்டதாகப் பதில் வந்து, ரேடியோவில் டிக் சத்தமும் நின்ற பிறகுதான் கொடுவாள் புதரைத் தொட்டது. கிளையை இழுத்துப்போட்டு, உடைந்திருந்த இன்சுலேட்டரை மாற்றி, வேலிக்கு அடியில் இரண்டடி அகலத்துக்குச் செடிகளை வெட்டினார்கள்.

காலைக் கஞ்சிக்குப் பிறகு எர்த் வேலை. கொட்டகையிலிருந்து நன்றாகத் தள்ளி, பாத்திரம் கழுவும் நீர் ஓடும் ஈரமான இடத்தில், மூன்று மீட்டர் இடைவெளியில் மூன்று ஜி.ஐ கம்பிகளை அடித்து, ஒன்றோடொன்று இணைத்து, வேலிக்கென்று தனி எர்த் போட்டார்கள். வேலி எர்த்துக்கும் வீட்டு எர்த்துக்கும் நடுவே குறைந்தது 10 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது சர்வதேசத் தரம் சொல்லும் கணக்கு. ஆம்ப்ளிஃபையருக்குப் பேட்டரி முனையிலிருந்தே ஃபியூஸ் வைத்துத் தனி வயர் இழுத்தார்கள்.

சாயங்காலம் ராசிபுரத்திலிருந்து மகளின் போன். சார்ஜரை உருவிவிட்டுப் பெட்டியைப் போட்டார் பெரியவர். “அப்பா, டாக்டர் தேதி சொல்லிட்டாங்க. பங்குனி இருபது.” எதற்கும் ஒருமுறை கேட்டுவைத்தார், “இருபதுதானே சாமி?” “இருபதுதான்ப்பா.” வேலி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் மகளின் குரலைத் தவிர வேறு சத்தம் இல்லை.

இப்போது வாரத்துக்கு ஒரு நாள், விடியற்காலையில், ரேடியோவை எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றி வருகிறார் அந்த அம்மா. தேதி அருகில் வந்ததும் ராசிபுரம் போகிறவரும் அவர்தான். அதற்குள் கணவருக்குப் பழக்கிக் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார்.

சத்தம் வரும் நேரமே துப்பு

மின்கம்பம் எட்டாத கொட்டகைகளில் சோலார் வைத்திருப்பவர்கள், போனிலோ ரேடியோவிலோ இரைச்சல் வந்தால் இந்த வரிசையில் பார்க்கலாம்.

• சொல் விட்டுவிட்டு வந்தால், அது சிக்னல் குறைவு. போனை உயரமான, திறந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். தகரக்கூரை சிக்னலை மறைக்கும்.

• விடாத உறுமல், சார்ஜரை உருவினால் நின்றால், அது சார்ஜர், இன்வெர்ட்டர் கோளாறு. முதலில் தரமான சார்ஜரை மாற்றிப் பாருங்கள். புதிதாக இன்வெர்ட்டர் வாங்கினால் ‘சைன் வேவ்’ என்று கேட்டு வாங்குங்கள்.

• பகலில், வெயிலில் மட்டும் ரேடியோவில் கீச்சுச் சத்தம் வந்தால், சார்ஜ் கன்ட்ரோலரைச் சந்தேகப்படலாம். பேனலைச் சாக்கால் மூடிப் பாருங்கள். சத்தம் நின்றால் அதேதான். பேனல் வயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி இழுப்பதும், ஃபெரைட் வளையம் மாட்டுவதும் இரைச்சலைக் குறைக்கும். கன்ட்ரோலரைக் கழற்ற வேண்டியிருந்தால், முதலில் பேனல் வயர், பிறகு பேட்டரி வயர்.

• பல்பு போட்டால் மட்டும் வந்தால், பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். மலிவான எல்.இ.டி பல்பு ஒன்றே போதும், ரேடியோவைக் கெடுக்க.

• போன் மணி அடிப்பதற்குச் சற்று முன் ஸ்பீக்கரில் ‘டிட்டிட்டிட்’ என்று வந்தால், அது 2ஜி போனின் அலை. போனை ஸ்பீக்கரிலிருந்து ஓரடி, இரண்டடி தள்ளி வைத்தால் போதும்.

• நொடிக்கு ஒரு டிக் என்றால், அது வேலி. எர்த்தையும், வேலியில் படும் செடிகளையும் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது சரிசெய்தது என்று தெரியாமலே போய்விடும். இன்வெர்ட்டர், எனர்ஜைசர் பெட்டிகளைத் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு மின்சாரத்தையோ இன்வெர்ட்டரின் 230 வோல்ட்டையோ நேராக வேலியில் கொடுப்பது உயிரைக் குடிக்கும் குற்றம். தரச்சான்று பெற்ற எனர்ஜைசரை மட்டுமே பயன்படுத்துங்கள். தமிழ்நாட்டில் 2023-ல் வந்த மின்வேலி விதிகளின்படி, காட்டை ஒட்டிய நிலங்களில் சோலார் வேலி போடுவதற்கும் பதிவும் அனுமதியும் தேவை. அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.